நடுக்குவாத மருந்தும் கனவுத் தொல்லையும்

தறியிலும் வயலிலும் உழைத்துத் தேய்ந்த நம் அங்கத்தினர் பலர் இன்று அறுபதும் எழுபதும் கடந்து வாழ்கின்றனர். முதுமையில் வந்து சேரும் நோய்களுள் நடுக்குவாதம் ஒன்று. மேனாட்டு வைத்தியத்தில் இதனைப் பார்க்கின்சன் நோய் என்பர். கை நடுங்குவதும், நடை தளர்வதும், உடல் விறைத்து அசைவுகள் மெதுவாவதும் இந்நோயின் அடையாளங்கள் என்பதை ஊரார் அறிவர். ஆனால் இந்நோய்க்கு உட்கொள்ளும் மருந்துகளால் இரவில் தெளிவும் கொடுமையும் மிக்க கனவுகள் வரக்கூடும் என்பதையும், விழித்திருக்கும்போதே இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றக்கூடும் என்பதையும் பலர் அறியார்.

இவ்வறியாமையால் இரண்டு கேடுகள் விளைகின்றன. கூடத்து மூலையில் யாரோ குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்று வீட்டுப் பெரியவர் சொன்னவுடன், பேய் பிடித்தது என்றோ புத்தி பேதலித்தது என்றோ வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். வைத்தியரிடம் போக வேண்டிய நாட்கள் மந்திரிப்பதிலும் கழிப்புக் கழிப்பதிலும் வீணாகின்றன. இது முதற் கேடு. மாத்திரையால்தான் இது வந்தது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் மருந்தை ஒரேயடியாக நிறுத்திவிடுவது இரண்டாவது கேடு. முன்னது துன்பத்தை நீட்டிக்கும். பின்னது உயிருக்கே உலை வைக்கும். ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக விளக்க முற்படுகிறோம்.

நோயும் மருந்தும்

லண்டனில் வைத்தியம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் இந்நோயைத் தனியொரு நோயாக விவரித்து எழுதினார். அதன் காரணம் விளங்குவதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. மூளையின் அடிப்பகுதியில் கருநிறம் பொருந்திய சிறிய பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. கை கால்களின் அசைவு தடையின்றி நடப்பதற்கு இப்பொருள் இன்றியமையாதது. அவ்வணுக்கள் சிறிது சிறிதாக அழிந்து டோபமின் குறைவதே நோய்க்குக் காரணம். ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 1957இல் பிராணிகளை வைத்து நடத்திய ஆராய்ச்சியும், வியன்னா நகரில் ஹார்னிகீவிச் 1960இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இவ்வுண்மையைப் புலப்படுத்தின. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

டோபமினை அப்படியே உட்கொண்டால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுவதில்லை. அதன் மூலப்பொருளான லெவோடோபா புகும். புகுந்தபின் அங்கே டோபமினாக மாறும். அமெரிக்காவில் கோட்சியாஸ் என்னும் வைத்தியர் 1967இல் இவ்வகை மருந்தைச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்கி வாய்வழிக் கொடுத்து, எழுந்து நிற்க மாட்டாதிருந்தோரை நடக்கச் செய்தார். பின்னர் கார்பிடோபா என்னும் துணை மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையாக்கினர். இன்றும் நடுக்குவாத சிகிச்சையின் ஆணிவேர் இதுவே.

நம் விவசாயிகள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. வேலியோரங்களில் படர்ந்து, காயின் சுணையால் மேனியெங்கும் நமைச்சல் தரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் இந்த லெவோடோபா இயற்கையாகவே அமைந்துள்ளது. சென்னையில் தாமோதரன், இராமஸ்வாமி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அவ்விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்து 1937ஆம் ஆண்டிலேயே அறிவித்தனர். நடுக்குவாதத்துக்கு இது மருந்தாகும் என்பதை நவீன வைத்திய உலகம் கண்டது அதற்குப் பல்லாண்டுகள் கழித்தே.

தொல்லை எவ்வாறு உண்டாகிறது?

நோயைக் குறைக்கும் மருந்தே தொல்லையும் தருவானேன் என்ற வினா எழுவது இயல்பு. வாய்க்கால் பாசனத்தை எண்ணிப் பார்த்தால் விடை எளிதில் விளங்கும். கடைமடை வயல் காய்கிறது என்று வாய்க்காலில் நீரைப் பெருக்குகிறோம். கடைமடை பிழைக்கிறது. ஆனால் வழியில் உள்ள வயல்கள் காயவில்லை. அவற்றில் நீர் தேவைக்கு மேல் தேங்கிப் பயிர் அழுகத் தலைப்படுகிறது. மூளையிலும் இவ்வாறே. அசைவை ஆளும் பகுதியில்தான் டோபமின் வறட்சி மிகுதி. எண்ணம், உணர்ச்சி, காட்சி ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகளில் அவ்வளவு வறட்சி இல்லை. மருந்தோ இன்ன பகுதிக்கு மட்டும் என்று பிரித்துப் பாய்வதில்லை. மிகையாகத் தூண்டப்பெற்ற பகுதிகள் இல்லாததை உள்ளதாகக் காட்டுகின்றன.

எல்லா மருந்துகளும் ஒரே அளவில் இத்தொல்லை தருவன அல்ல. டோபமினைப் போல் நடித்து வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் முதலியவை லெவோடோபாவைக் காட்டிலும் மிகுதியாகத் தருகின்றன. அமன்டடினும் தரும். நடுக்கத்தை அடக்கக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் முதியோர் விஷயத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. ஊமத்தங்காய் தின்றவன் பிதற்றுவதையும், வெறுங்காற்றைப் பிடிக்க முயல்வதையும் கிராமத்தில் கேள்விப்படாதவர் இல்லை. ஊமத்தையில் உள்ள நஞ்சு மூளையில் எந்த வழியைத் தடுக்கிறதோ, அதே வழியைத்தான் இம்மருந்தும் தன் அளவில் தடுக்கிறது. மறதி தொடங்கிய முதியோருக்கு இது குழப்பத்தை விளைவிப்பதில் வியப்பில்லை.

எனினும் பழி முழுவதையும் மருந்தின்மேல் சுமத்துவது பொருந்தாது. நோய் முதிருங்கால் மூளையின் பிற பகுதிகளும் பாதிக்கப்படுகின்றன. ஞாபகசக்தி குறைதல், கண்பார்வை மங்கல், உறக்கக் கேடு ஆகியவை கூடும்போது தோற்றங்கள் எளிதில் எழுகின்றன. நோய் பல ஆண்டுகள் நீடித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் என்றேனும் ஒரு காலத்தில் இவற்றைக் காண்கின்றனர். ஆகவே இது எங்கோ ஒருவருக்கு வரும் விந்தையன்று.

தொல்லையின் வகைகள்

முதலாவது, தெளிவான கனவுகள். விழித்தெழுந்த பின்னும் மெய்யாக நடந்தது போலவே நினைவில் நிற்பவை இவை. பல நோயாளிகளுக்கு இதுவே முன்னறிவிப்பாகும்.

இரண்டாவது, கனவை நடித்துக் காட்டுதல். கனவு காணும் நேரத்தில் உடல் அசையாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைப்பது இயற்கையின் ஏற்பாடு. இவ்வேற்பாடு நடுக்குவாதத்தில் பழுதுபடுகிறது. திருடனோடு போராடுவதாகக் கனவு காண்பவர் மெய்யாகவே கையை ஓங்கி அருகில் படுத்திருக்கும் மனைவியை அடித்துவிடுகிறார், கூவுகிறார், உதைக்கிறார், கட்டிலிலிருந்து விழுகிறார். இது பெரும்பாலும் நோயினாலேயே வருவது. நடுக்கம் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே தொடங்குவதும் உண்டு. அடிபட்ட மனைவி, கணவர் வேண்டுமென்று செய்ததாக எண்ணி மனம் புழுங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, திரிபுக் காட்சி. நான்காவது, மாயத் தோற்றம். இவ்விரண்டின் வேறுபாட்டை நம் முன்னோர் கையாண்ட உவமையைக் கொண்டே விளக்கலாம். கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று காண்பது திரிபுக் காட்சி. கயிறும் இல்லாத வெறுந்தரையில் பாம்பைக் காண்பது மாயத் தோற்றம். கொடியில் உலரும் வேட்டி ஆள் நிற்பது போல் தோன்றுவது முன்னதைச் சாரும். பின்புறம் யாரோ நிற்பதாக உணர்வதும், கண்ணோரத்தில் பூனையோ எலியோ ஓடி மறைவதாகக் காண்பதும் தொடக்க நிலைகள். நாளடைவில் மனிதர், குழந்தைகள், பிராணிகள், மறைந்துபோன உறவினர் ஆகியோரின் உருவங்கள் தெளிவாகத் தோன்றுகின்றன. மங்கிய ஒளியில், மாலையிலும் இரவிலும், இவை மிகுதி. பெரும்பாலும் அவ்வுருவங்கள் பேசுவதில்லை. இவை பொய்த் தோற்றங்கள் என்பதை நோயாளியே பல காலம் உணர்ந்திருப்பார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஐந்தாவது, பொய்யான உறுதிப்பாடு. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. பெட்டியிலிருந்த பணத்தை மருமகள் எடுத்துவிட்டாள், மனைவிக்கு வேறொருவருடன் தொடர்பு, என்னுடன் இருப்பவர் என் மகனல்லர், மகனைப்போல் வேஷமிட்டவர் என்றெல்லாம் நோயாளி உறுதியாக நம்புவார். எத்தனை சான்று காட்டினும் அந்நம்பிக்கை அசையாது. ஐம்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த தம்பதிகள் இதனால் பிரிந்து நிற்கும் பரிதாபம் நேரிடுகிறது. இப்பழிச்சொற்கள் நோயின் குரலேயன்றி அம்மனிதரின் குரல் அல்ல என்பதைக் குடும்பத்தார் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

உடனே ஆராய வேண்டியவை

பல மாதங்களாக அமைதியாக இருந்தவருக்கு ஓரிரு நாட்களில் திடீரென்று குழப்பமும் தோற்றங்களும் மிகுந்தால், நடுக்குவாத மருந்தைப் பழிக்கும் முன் வேறு காரணத்தைத் தேட வேண்டும். சிறுநீர்ப்பாதையில் கிருமி தொற்றுதல், நுரையீரல் அழற்சி, கோடையில் உடல் நீர் வற்றுதல், பல நாள் மலச்சிக்கல், இரத்தத்தில் உப்புச் சத்து குறைதல், கீழே விழுந்து தலையில் அடிபட்டிருத்தல் ஆகியவை அடிக்கடி காணப்படும் காரணங்கள். முதியோருக்குச் சில வேளை காய்ச்சல்கூட இராது. குழப்பம் ஒன்றே தொற்றுநோயின் அறிகுறியாக இருக்கும்.

அடுத்து, புதிதாகச் சேர்ந்த மருந்து எது என்று பார்க்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, தூக்க மாத்திரை, சிறுநீர் அடிக்கடி போவதை அடக்கும் மாத்திரை, கடும் வலி மருந்து ஆகியவை குழப்பத்தைத் தூண்டும். இரத்த அழுத்தத்துக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கப்படும் புரோப்ரனலால் கொடுங்கனவு தருவதுண்டு. கண்ணில் புரை இருப்பின் அதனை நீக்குவதும், பொருத்தமான கண்ணாடி அணிவதும் தோற்றங்களைக் குறைக்க உதவும்.

மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது

இதனை எத்தனை முறை வற்புறுத்தினும் தகும். லெவோடோபாவையும் அதனைச் சார்ந்த மருந்துகளையும் திடீரென்று நிறுத்தினால் உடல் மரம்போல் விறைத்து, கடுஞ்சுரம் கண்டு, நினைவு தப்பி, உயிரிழப்பும் நேரிடலாம். மாத்திரை தீர்ந்துவிட்டது, அடுத்த சந்தைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பதும் இத்தகைய ஆபத்தே. குறைப்பதாயினும் கூட்டுவதாயினும் வைத்தியர் சொற்படி, படிப்படியாகவே நடைபெற வேண்டும்.

வைத்தியர் செய்வது என்ன?

தொற்று முதலிய காரணங்களை நீக்கிய பின்னும் தொல்லை நீடித்தால், வைத்தியர் மருந்துகளை ஒவ்வொன்றாகக் குறைக்கத் தொடங்குவார். தொல்லை மிகுதியாகவும் பயன் குறைவாகவும் உள்ளதை முதலில் நீக்குவது பொதுவான முறை. டிரைஹெக்ஸிபெனிடில் போன்றவை முதலிலும், அமன்டடின், செலிஜிலின் முதலியவை அடுத்தும், பிரமிபெக்சோல், ரோபினிரோல் பின்னரும் குறைக்கப்படும். லெவோடோபாவில் கைவைப்பது கடைசியாகவே. இரவு நேர மாத்திரையின் அளவையோ வேளையையோ சிறிது மாற்றுவதாலேயே கனவுத் தொல்லை குறைவதும் உண்டு.

இது பாவை முறுக்கேற்றுவதைப் போன்ற வேலை. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் இழை அறும். தளர்த்தினால் துணி துவளும். மருந்து மிகுந்தால் தோற்றம், குறைந்தால் விறைப்பு. சிறிது நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு மனத்தெளிவோடு இருப்பதா, நன்கு நடமாடிக்கொண்டு அச்சமூட்டாத சில உருவங்களைப் பொறுத்துக்கொள்வதா என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் வைத்தியரும் கலந்து தீர்மானிக்க வேண்டும். தோற்றங்கள் அச்சம் தராமலும், பொய்யென்று நோயாளி உணர்ந்தும் இருப்பின், எதுவும் செய்யாது கவனித்து வருவதே சில வேளை போதுமானது.

குறைத்தும் பயனில்லையெனில் வேறு மருந்துகள் உண்டு. கியூட்டியாபின் சிறு அளவில் பலருக்குக் கொடுக்கப்படுகிறது. குளோசபின் பயன் மிக்கது. ஆனால் இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடுமாதலால், குறித்த காலங்களில் தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பிமாவன்செரின் என்னும் மருந்து 2016இல் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதிக்கப்பட்டது. மறதியும் சேர்ந்திருப்பவருக்கு ரிவாஸ்டிக்மின் உதவும். கனவை நடிப்பவருக்கு மெலடோனின் அல்லது குளோனசெபாம் கொடுப்பதுண்டு. பின்னது தள்ளாட்டத்தை மிகுவிக்கும் என்பதால் எச்சரிக்கை வேண்டும்.

கொடுக்கலாகாத மருந்துகள்

பிதற்றலை அடக்க எல்லா வகை மருந்தும் ஏற்றவை அல்ல. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் ஆகியவை டோபமினைத் தடுத்து நடுக்குவாதத்தைக் கடுமையாக்கும். வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவையும் அத்தகையனவே. அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், அங்குள்ளவர் நோயாளியின் பழைய வரலாற்றை அறியார். ஆகையால் நோயின் பெயர், மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை, கொடுக்கலாகாத மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நோயாளியின் சட்டைப் பையிலும் வீட்டுச் சுவரிலும் வைத்திருப்பது நலம்.

பூனைக்காலிச் சூரணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இயற்கை மூலிகைதானே என்று மாத்திரையோடு அதனையும் சேர்த்து உண்பவர் உளர். விதையில் இருப்பதும் அதே லெவோடோபா என்று மேலே கண்டோம். இரண்டும் சேர்ந்தால் அளவு மிகும். மிகுந்தால் தோற்றங்களும் மிகும். பொடிக்குப் பொடி மருந்தின் அளவும் வேறுபடும். உட்கொள்வதாயின் வைத்தியருக்கு மறைக்காமல் தெரிவித்தல் வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கவை

மாலையில் பொழுது சாயுமுன் விளக்கேற்றுங்கள். இரவிலும் படுக்குமிடத்திலும் கழிவறை வழியிலும் சிறு விளக்கு எரியட்டும். கொடியில் தொங்கும் துணிகளை அகற்றுங்கள். நிழலாட்டம் தரும் கண்ணாடியை மூடிவையுங்கள். கட்டமும் பூவும் நிறைந்த போர்வைக்குப் பதிலாக ஒரே நிறப் போர்வை தருவது நல்லது. நெளியும் கோலங்கள் புழுவாகவும் பூச்சியாகவும் தோன்றக்கூடும்.

கனவில் கை வீசுபவருக்குச் சுவரோரம் தாழ்ந்த கட்டில் போட்டு, மறுபுறம் தரையில் மெத்தை விரியுங்கள். கத்தரிக்கோல், அரிவாள்மணை, கண்ணாடிப் பொருள்கள் அருகில் இருத்தலாகாது. குழித்தறி உள்ள வீட்டில், இரவில் குழியைப் பலகையால் மூடிவைப்பது கட்டாயம். மனைவி கூப்பிடு தூரத்தில் தனிப்படுக்கையில் உறங்குவதில் குறைவொன்றுமில்லை.

தோற்றம் காண்பவரிடம் வாதாடாதீர்கள், பரிகசியாதீர்கள், ஆம், எனக்கும் தெரிகிறது என்று ஒத்தும் பாடாதீர்கள். “மாமா, உங்களுக்குத் தெரிகிறது, எனக்கு அங்கே யாரும் தெரியவில்லை. இது மாத்திரையால் வருவது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் கூடவே இருக்கிறேன், பயப்படாதீர்கள்” என்று மருமகள் அமைதியாகச் சொன்னால் பாதித் துன்பம் நீங்கும். விளக்கைப் போடுவதும், பார்வையை வேறு பக்கம் திருப்பிப் பிறகு மீண்டும் நேராக நோக்குவதும், வேறு அறைக்கு அழைத்துப் போய்ப் பேச்சை மாற்றுவதும் உருவங்களைக் கலைக்க உதவும்.

பகலில் நெடுநேரம் உறங்கவிடாமல், வெயில் படும் இடத்தில் சிறிது நடக்கவும் உட்காரவும் செய்யுங்கள். போதிய நீரும், மலச்சிக்கலைத் தடுக்கும் கீரையும் பழமும் தேவை. மது கூடவே கூடாது.

சங்கத்தின் கணக்குகளை அன்றன்றே எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. அவ்வாறே ஒரு குறிப்பேட்டில் தேதி, மாத்திரை உண்ட வேளை, தோற்றம் வந்த நேரம், கண்ட உருவம், அச்சம் இருந்ததா இல்லையா, உறக்கம், மலஜலம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். நோயாளிகள் பலர் வெட்கத்தாலும், பைத்தியம் என்பார்களோ என்ற அச்சத்தாலும் இதனை வைத்தியரிடம் சொல்வதில்லை. சொல்லாத நோய்க்கு மருந்து மாற்ற எவராலும் இயலாது. குறிப்பேடு அவருக்காகப் பேசும்.

நோயாளி தம்மையோ பிறரையோ தாக்க முற்பட்டாலும், உணவும் மருந்தும் மறுத்தாலும், சுரத்தோடு உடல் விறைத்தாலும், கூப்பிட்டால் தெளிவின்றி மயங்கிக் கிடந்தாலும் காலதாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 எண்ணுக்குச் சொன்னால் ஆம்புலன்ஸ் வரும்.

நமது கடமை

இந்நோயால் வருந்துபவர் ஒருவராயினும், அவரைக் காப்பவர் இரவெல்லாம் கண்விழித்துப் பகலெல்லாம் உழைத்து நலிகின்றார். பெரும்பாலும் அவர் மனைவியோ மகளோ மருமகளோ ஆவார். வாரத்தில் ஓரிரவேனும் வேறொருவர் காவலிருந்து அவரை உறங்கவிடுவது குடும்பத்தாரின் கடமை. அண்டை வீட்டாரும் சக அங்கத்தினரும் இதில் கைகொடுக்கலாம். வீட்டார் திருடிவிட்டதாகவோ தம்மைக் கொல்ல முயல்வதாகவோ பெரியவர் ஒருவர் சங்கத்து வாசலில் வந்து முறையிட்டால், கேட்டதை ஊரெங்கும் பரப்பாமல், மெல்ல விசாரித்து, நோயின் செயலென்று தெரிந்தால் வைத்தியரிடம் அழைத்துப் போக உதவுவதே பண்பு. உண்மையிலேயே அவருக்குத் துன்பம் இழைக்கப்படுகிறதா என்பதையும் பார்க்க மறக்கலாகாது.

நடுக்குவாதத்தை அடியோடு போக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் அதன் மருந்தால் வரும் கனவையும் தோற்றத்தையும் பெருமளவு கட்டுப்படுத்த இன்று வழியுண்டு. இருட்டில் கண்டதை நோயாளி வெளிச்சத்தில் கூசாமல் சொல்லவும், சொன்னதை வீட்டார் சிரிக்காமல் கேட்கவும் பழகினால், அவ்வழியில் முதற்படி ஏறியவர்கள் ஆவோம்.